தோட்டத்து வட்ஸ்அப் குழு அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம்.

நான் ஹட்டன் பக்கம் ஒரு சின்ன கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம், பேஸ்புக் கணக்குத் தொடங்கிக் கொடுப்பது, மறந்துபோன பாஸ்வேர்ட்டை எடுத்துக் கொடுப்பது என்று பதினொரு வருடமாக இதே மேசையில் இருக்கிறேன். மஸ்கெலியா, பொகவந்தலாவை, டிக்கோயா, கொட்டகலை, தலவாக்கலை எல்லாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். போனை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்கு பிளேன்டி குடிக்கப் போய்விடுவார்கள். அப்படிப் போனை நம்பிக் கொடுத்தவர்களின் கையில் நான் கண்டவற்றை, யார் பெயரும் சொல்லாமல், உங்களுக்கு எழுதுகிறேன்.

இன்று குழு இல்லாத தோட்டம் இல்லை. டிவிசனுக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, பாடசாலை வகுப்புக்கு ஒன்று, மாதர் சங்கத்துக்கு ஒன்று. சாவுச் செய்தி அதில்தான் வருகிறது, தண்ணீர் குழாய் உடைந்த செய்தியும் அதில்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலைகள் சரிந்தபோது எந்தப் பாதை துண்டிக்கப்பட்டது, யார் எந்தப் பாடசாலையில் தங்கியிருக்கிறார்கள், எந்த லயத்துக்குப் (தோட்டத்து வரிசை வீடுகளுக்குப்) பின்னால் மண் வெடித்திருக்கிறது என்பதையெல்லாம் உங்கள் குழுக்கள் வழியாகத்தான் தெரிந்துகொண்டோம். இரவெல்லாம் போன் சார்ஜைச் சேமித்துச் செய்தி போட்ட அட்மின்கள் உங்களில் இருக்கிறார்கள். அந்த நன்றி எனக்கு என்றைக்கும் இருக்கும். குழுக்களை மூடச் சொல்லி நான் எழுதவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: அந்தக் குழுக்களில் நம் மக்களின் ஆவணங்களும் நம் பிள்ளைகளின் படங்களும் ஓடுவதை நிறுத்துங்கள். நிறுத்தக்கூடிய பொத்தான் உங்கள் கையில்தான் இருக்கிறது.

புயலுக்குப் பிறகு ஒரு குழுவில் பார்த்த ஒரு படத்தைச் சொல்கிறேன். நிவாரணத்துக்குப் பெயர் கொடுப்பதற்காக யாரோ எடுத்து அனுப்பியது. ஈரமான சிமெந்துத் தரை. அதில் ஓர் அடையாள அட்டை, பக்கத்தில் விரித்து வைத்த வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், அது மூடிக்கொள்ளாமல் பிடித்திருக்கும் ஒரு பெருவிரல். பெயர், முகவரி, அட்டை எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. கீழே, “அண்ணே என் பேரையும் சேத்துக்குங்க” என்று ஒரு வரி. அந்தக் குழுவில் இருநூற்றுச் சொச்சம் பேர். அந்தப் படம் இன்னும் அங்கேயே கிடக்கிறது. அதற்கு மேலும் கீழும் அதே மாதிரி வேறு வேறு விரல்கள், வேறு வேறு அட்டைகள். அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுக்குப் பெயர்ப் பட்டியல் வரும்போதும் இதுதான் நடக்கிறது. பெயரும் எண்ணும் உள்ள தாள் முழுதாகப் படமெடுக்கப்பட்டு, ஒரு நாளைக்குள் நாலு தோட்டம் தாண்டிவிடுகிறது.

அட்டை எண்ணை வைத்து என்ன செய்ய முடியும் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். புதிய பன்னிரண்டு இலக்க எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். பழைய அட்டையிலும் இதே கணக்குத்தான், வருடம் மட்டும் இரண்டு இலக்கம். ஆகவே எண்ணைப் பார்த்தவனுக்கு நீங்கள் ஆணா பெண்ணா, பிறந்த தேதி என்ன என்பது இரண்டு நிமிட வேலை. இனி என் மேசைக்கு வாருங்கள். போன் பூட்டுக்கு, வங்கி அட்டைக்கு, பேஸ்புக்குக்கு என்ன இரகசிய எண் வைக்கட்டும் என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் சொல்வது பிறந்த வருடத்தைத்தான். அட்டையின் படத்தையும் வங்கிப் புத்தகத்தின் படத்தையும் சேர்த்துப் பார்த்த ஒருவன், “உங்கள் பணம் வந்திருக்கிறது, உறுதிப்படுத்த வேண்டும்” என்று போன் எடுத்து, உங்கள் பெயர், பிறந்த நாள், வங்கி எல்லாவற்றையும் அவனே சொன்னால், வங்கி ஆள் இல்லை என்று யாருக்குச் சந்தேகம் வரும்?

என் அம்மாயியிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதன் அடியில், கலியாணச் சேலைக்குக் கீழே, ஒரு மஞ்சள் துணியில் சுற்றி அவருடைய பிரஜாவுரிமைப் பத்திரம் இருந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத்து நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு நம்மை இரண்டு நாட்டுக்கும் பங்கு பிரித்தார்கள். கடைசியில் மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை என்று 2003இல்தான் சட்டம் வந்தது. இடையில் ஒரு தாளுக்காக எத்தனை பேர் கச்சேரி (அரசாங்க அலுவலக) வாசலில் காத்துக்கிடந்தார்கள் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அம்மாயி அந்தப் பத்திரத்தைக் கிராம சேவகருக்குக் காட்டும்போதுகூட ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டே காட்டுவார், முழுதாகக் கையில் கொடுக்க மாட்டார். அவருடைய பேரப்பிள்ளைகளின் அட்டைகள்தான் இன்று குழுக்களில் கிடக்கின்றன. அதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இன்னொன்று. போன மழைக் காலத்தில் ஓர் அக்கா கடைக்கு வந்தார். மலையிலிருந்து நேரே இறங்கி வந்திருந்தார், இடுப்பில் கட்டிய படங்குகூட அவிழ்க்கவில்லை. “தங்கச்சி, நான் காசு கேட்டேன்னு சொல்லி குவைத்துல இருந்து எம்மக அனுப்பியிருக்கா. நான் கேக்கவே இல்லியே” என்றார். நடந்தது இதுதான். முதல் நாள் இரவு அவருடைய அண்ணன் மகளின் வட்ஸ்அப்பிலிருந்து ஒரு செய்தி: “அத்தை, எனக்கு வர வேண்டிய ஆறு நம்பர் தவறி உங்க போனுக்கு வந்திருச்சி, கொஞ்சம் அனுப்புங்க.” இவரும் அனுப்பியிருக்கிறார். அண்ணன் மகளின் கணக்கு ஏற்கனவே களவு போயிருந்தது. அந்த ஆறு இலக்கம் வேறு எதற்கும் வந்ததில்லை, இந்த அக்காவின் எண்ணில் யாரோ தன் போனில் வட்ஸ்அப்பைத் திறக்க முயன்றபோது வந்தது. இலக்கம் போன மறு நிமிடம் கணக்கும் போய்விட்டது.

கணக்கைப் பிடித்தவனுக்குப் பழைய உரையாடல்கள் தெரியாது. ஆனால் அந்த எண் எந்தெந்தக் குழுவில் இருக்கிறதோ அந்தக் குழுக்கள் தெரியும், அவற்றில் இருக்கும் ஒவ்வொருவரின் எண்ணும் தெரியும். தோட்டத்துக் குழுவில் மகளும் இருந்தாள். “அம்மாவுக்கு அவசரம்” என்று ஒரு வரி போதுமாக இருந்தது. ஊருக்கு அனுப்பச் சேர்த்து வைத்திருந்த பணம் போயிற்று. இதில் எனக்குப் பொறுக்காதது இதுதான்: இரவே குழுவில் இரண்டு பேர் “இது அக்கா எழுதுற மாதிரி இல்லியே” என்று கேட்டிருக்கிறார்கள். அந்த எண்ணை அப்போதே குழுவிலிருந்து நீக்கியிருந்தால், ஒருவர் எழுந்து போய் அந்த லயத்துக் கதவைத் தட்டியிருந்தால், அந்தப் பிள்ளையின் காசு தப்பியிருக்கும். அட்மின்மாரே, இந்த ஒரு பழக்கத்தையாவது வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தவுடன் எண்ணை நீக்கிவிட்டு ஆளைத் தேடிப் பேசுங்கள். ஆள் உண்மையாக இருந்தால் திரும்பச் சேர்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

கணக்குப் போனவர்களுக்கும் வழி இருக்கிறது. அதே எண்ணில் வட்ஸ்அப்பைத் திரும்பப் பதிவு செய்தால் புதிய ஆறு இலக்கம் உங்கள் போனுக்கு வரும். அதைப் போட்டவுடன் மற்றவன் வெளியே தள்ளப்படுவான். அவன் இரண்டாவது பின் எண் ஒன்றைப் போட்டு வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க வேண்டி வரும். அந்த ஏழு நாளும் அவனாலும் உங்கள் பெயரில் எழுத முடியாது. அந்த இரண்டாவது பின்னை நீங்களே முதலில் போட்டுவிட்டால் இந்தப் பாடே இல்லை. அமைப்புகளில் கணக்கு என்ற இடத்தில் இரண்டு படிச் சரிபார்ப்பு என்று இருக்கிறது. வட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்பதையும் ஒரு தடவை பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் உங்கள் வட்ஸ்அப் வேறொரு கம்பியூட்டரில் திறந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். கணவர் பார்க்கிறார், மச்சான் பார்க்கிறார், கடைப் பையன் பார்க்கிறான் என்று அங்கேதான் எத்தனையோ பெண்கள் முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள்.

பிள்ளைகளின் படங்களுக்கு வருகிறேன். இதை எழுதுவது எனக்குக் கஷ்டம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பிள்ளை சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்தாள். அந்தத் தோட்டத்தில் அப்படி எடுத்த முதல் பிள்ளைகளில் ஒருத்தி. இளைஞர் மன்றத்தார் வாழ்த்துப் போஸ்டர் செய்யச் சொன்னார்கள். என் கடையில்தான் செய்தோம், செய்தவள் நான். பாடசாலைச் சீருடையில் பிள்ளையின் படம், முழுப்பெயர், பாடசாலை, தோட்டம், டிவிசன், சுட்டெண், ஒன்பது பாடங்களின் பெறுபேறு, அப்பா அம்மாவின் பெயர். பூமாலை மாதிரி ஒரு கரை வைத்து, அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். குழுவில் போட்டார்கள், குழுவிலிருந்து பேஸ்புக்குக்குப் போயிற்று.

மூன்று மாதம் கழித்து அதே முகத்தோடு, அதே பெயரோடு, அதே பாடசாலையோடு ஒரு போலிக் கணக்கு. போஸ்டரின் கரைப் பூ ஒன்று அந்தப் படத்தின் மூலையில் பாதி வெட்டுப்பட்டு நின்றது. அதைப் பார்த்துத்தான் எங்கிருந்து எடுத்தார்கள் என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் கணக்கிலிருந்து தெரியாத ஆண்களுக்கெல்லாம் செய்திகள் போயின. அவர்கள் அந்த வீட்டுக்குப் போன் எடுத்தார்கள். தகப்பன் முதலில் செய்தது பிள்ளையின் டியூஷனை நிறுத்தியது. உயர்தரம் படிக்க வேண்டிய பிள்ளை அரை வருடம் வீட்டில் இருந்தாள். அவள் தன் படத்தை எங்கேயும் போட்டதில்லை. அவளிடம் சொந்தமாகப் போன்கூட இல்லை. போட்டவர்கள் நாங்கள், பெருமைப்பட்டுக்கொண்டு போட்டோம்.

அதற்குப் பிறகு என் கடையில் பிள்ளைகளின் போஸ்டரில் முதற்பெயரும் வாழ்த்தும் மட்டும்தான். சுட்டெண் கண்டிப்பாகக் கிடையாது, அது கிடைத்தால் யாரும் பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தில் முழுப் பெறுபேற்றையும் எடுத்துவிடலாம். படம் வேண்டுமென்றால் எல்லாப் பிள்ளைகளும் ஆசிரியர்களோடு நிற்கும் ஒரு கூட்டப் படம். அதையும் பெற்றோரிடம் கேட்டு, பிள்ளையிடமும் கேட்டு. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு வயது பத்து. பத்து வயதுப் பிள்ளைக்கும் “என் படத்தைப் போட வேண்டாம்” என்று சொல்ல இடம் கொடுங்கள். கொப்பி, சப்பாத்து, உலர் உணவு கொடுக்க வருகிற நல்ல மனிதர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். பொதியை வாங்கும் பிள்ளை குனிந்த தலையோடு நிற்கும் படம் அந்தப் பிள்ளை வேலைக்குப் போகும் வயதிலும் இணையத்தில் இருக்கும்.

என் மேசை இழுப்பறையில் ஒரு நீல நிறக் கொப்பி இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். கணக்குத் தொடங்கிக் கொடுத்த ஒவ்வொருவரின் பெயரும் போன் எண்ணும் பாஸ்வேர்ட்டும் அதில் எழுதியிருந்தேன். மறந்துவிட்டு வருவார்களே, உதவியாக இருக்கும் என்றுதான் எழுதினேன். அந்த இழுப்பறைக்குப் பூட்டு இல்லை. மேலே சொன்ன போஸ்டர் விஷயத்துக்குப் பிறகு ஒரு நாள் அந்தக் கொப்பியை எடுத்துப் பார்த்து எனக்குப் பயம் வந்துவிட்டது. அன்றிரவே அடுப்பில் போட்டேன். நம் ஊர்களில் இந்த மாதிரிக் கொப்பி இன்னும் பல கடைகளில் இருக்கிறது. கடையில் கணக்குத் தொடங்கியவர்கள் தயவுசெய்து பாஸ்வேர்ட்டை ஒரு தடவை மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கில் கடைக்காரரின் ஈமெயிலோ போன் எண்ணோ கொடுத்திருந்தால் அதை எடுத்துவிட்டு உங்களுடையதைப் போடுங்கள்.

இதையெல்லாம் அந்தந்தக் கம்பெனிகள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கேட்பது நியாயம். ஆனால் 2018 மார்ச்சில் நம் பக்கத்துக் கண்டி மாவட்டத்தில், திகனையில், முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது பேஸ்புக்கில் ஓடிய வெறுப்புப் பேச்சுக்காக அந்தக் கம்பெனி மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். இரண்டு வருடம் கழித்து. அவ்வளவு பெரிய நெருப்புக்கே அவ்வளவு காலம் என்றால், ஒரு டிவிசனில் ஒரு பிள்ளையின் போலிக் கணக்குக்கு எவ்வளவு காலம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். முறைப்பாடு செய்யத்தான் வேண்டும், ஒருவர் மட்டுமில்லாமல் பலர் செய்ய வேண்டும். சட்டங்களும் இருக்கின்றன. 2007இல் கணினிக் குற்றச் சட்டம் வந்தது, 2022இல் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம் நிறைவேறியது. ஆனால் ஒரு படம் நூறு போனுக்குப் போகுமுன் அதை அழிக்கக்கூடிய ஆள், அட்மின் ஒருவர்தான்.

அப்படியானால் செய்யக்கூடியவை. நிவாரணமோ உதவித்தொகையோ, விபரம் சேர்க்கும் ஒருவரை முடிவு செய்யுங்கள். தாளைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும், முடியாவிட்டால் அவருக்கு மட்டும் தனியாக அனுப்பட்டும், வேலை முடிந்ததும் அவர் அழித்துவிடட்டும். குழுவில் யாராவது அட்டைப் படம் போட்டால் எல்லோருக்கும் அழியும்படி நீங்களே நீக்கலாம், அட்மினுக்கு அந்த உரிமை இருக்கிறது. இதுவரை கிடப்பவற்றையும் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். பழைய செய்திகளை அப்படி நீக்க முடியாமல் போனால், அந்தக் குழுவை விட்டுப் புதியது தொடங்குங்கள். குழு லிங்க்கை பேஸ்புக்கில் போடாதீர்கள், ஏற்கனவே போட்டிருந்தால் லிங்க்கை ரீசெட் செய்யுங்கள். புதிதாக வருபவர்களை அட்மின் ஏற்றுக்கொண்ட பிறகே சேர்க்கும் வசதியைப் போட்டு வையுங்கள். இரவு பதினொரு மணிக்குத் தெரியாத எண்களிலிருந்து வீடியோ கோல் வருகிறது என்று என்னிடம் அழுத பெண்களின் எண்கள் பெரும்பாலும் குழுக்களிலிருந்துதான் போயிருந்தன. சாவு, திருவிழா, தண்ணீர் மாதிரி அறிவித்தல் மட்டும் போட ஒரு வட்ஸ்அப் சேனல் போதும். அதைப் பின்தொடர்பவர்களின் எண்ணை மற்றவர்கள் பார்க்க முடியாது.

ஆசிரியர்களிடமும் ஒரு வார்த்தை. கொரோனாக் காலத்தில், பிள்ளைகள் சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறிய நாட்களில் தொடங்கிய வகுப்புக் குழுக்கள் பல இன்னும் திறந்தே இருக்கின்றன. அப்போது இருந்த எண்கள் சில இன்று வேறு ஆட்களின் கையில், ரீலோட் போடாமல் செத்துப்போன சிம் எண்ணைக் கம்பெனி இன்னொருவருக்கு விற்றுவிடும். அந்தக் குழுக்களில் பிள்ளைகளின் குரலும் படமும் வீட்டுப்பாடமும் கிடக்கின்றன. மூடிவிடுங்கள்.

அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டுகிறான் என்று வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். முகத்தை வேறு உடலோடு ஒட்டிச் செய்த போலிப் படங்களும் வருகின்றன. அப்படி ஒரு பிள்ளை உங்களிடம் வந்தால் முதலில் திட்டாதீர்கள். “ஏன் அனுப்பினாய்” என்ற கேள்வியைப் பிறகு எப்போதாவது கேட்டுக்கொள்ளலாம், கேட்காமலும் விடலாம். காசு கொடுக்கச் சொல்லாதீர்கள், கொடுத்தால் மறுபடியும் கேட்பான். உரையாடலை அழிக்க விடாதீர்கள், தேதியும் எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். பதினெட்டு வயது தாண்டியவர்களுக்கு ஸ்டொப் என்.சி.ஐ.ஐ என்று ஒரு தளம் இருக்கிறது, அதற்குக் குறைந்த பிள்ளைகளுக்கு டேக் இட் டவுன். படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை மாதிரி எண் உண்டாகும், அந்த எண் மட்டும்தான் போகும். பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்ற சேர்ந்திருக்கும் தளங்களில் அதே படம் ஏறினால் அந்த எண்ணை வைத்துக் கண்டுபிடித்துத் தடுப்பார்கள். சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938, பொலிஸில் பெண்கள் சிறுவர் பிரிவுக்கு 109, கணக்குக் களவு போன்றவற்றுக்கு இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டின் 101. தமிழில் பேசுகிற ஆளைக் கேளுங்கள், கேட்பது நம் உரிமை. பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்து போன் எடுத்தால் பிள்ளைக்குத் தைரியமாக இருக்கும். அந்தப் பெரியவராக நீங்கள் இருங்கள். இந்த நான்கு எண்களையும் குழுவின் விபரப் பகுதியில் எழுதி வையுங்கள்.

கடைசியாக ஒன்று, கொழுந்து எடுக்கிற அக்காமாரைப் பற்றி. அவர்களுடைய போன்கள் பெரும்பாலும் பூட்டில்லாமல்தான் என் கைக்கு வருகின்றன. ஏன் என்று கேட்டால் விரலை நீட்டுவார்கள். பெருவிரலும் சுட்டுவிரலும் வருடக்கணக்காகக் கொழுந்து கிள்ளித் தேய்ந்து, கறை ஏறி, ரேகையே இல்லை. போன் அவர்களை அடையாளம் கண்டுகொள்வதில்லை. எண் பூட்டுப் போட்டால் மறந்துவிடும் என்ற பயம். ஒரு காம்பராவில் (லயத்து அறையில்) ஐந்து பேருக்கு ஒரு போன், பூட்டு எதற்கு என்று சொல்லிவிட்டு விட்டுவிடுகிறார்கள். இடது கைச் சுண்டுவிரல் கொழுந்தில் அவ்வளவாகப் படுவதில்லை. நான் அதில் வைத்துப் பார்த்தேன், பலருக்குப் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைப் பகல் ஒரு மணி வரை திறந்து வைக்கிறேன். பூட்டுப் போடவும், இரண்டாவது பின் போடவும், குழு அமைப்பைச் சரிசெய்யவும் காசு வாங்க மாட்டேன். உங்கள் தோட்டத்து அக்காமாரை அழைத்துக்கொண்டு வாருங்கள். போனோடு வந்தால் போதும், அடையாள அட்டை வேண்டாம்.

இப்படிக்கு,
கொமியூனிகேஷன் கடையிலிருந்து உங்கள் சகோதரி